தாவளம்

தருமபுரிப் பக்கம் நான்குவழிச் சாலையை விட்டிறங்கிப் பழைய தடங்களில் வண்டியோட்டுவோர் இப்போது பெருகியிருக்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் வழியில் காணும் பழைய தங்கலிடம் ஒவ்வொன்றையும் ‘சத்திரம்’ என்று எழுதி, சத்திரம் என்றால் குடை, குடைபோல் நிழல் தருவதால் அப்பெயர் என்று விளக்கமும் தருகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. குடை ‘சத்ர’, அன்னசாலை ‘ஸத்ர’. இரண்டும் வேறு. தமிழெழுத்தில் ஒன்றாகத் தோன்றுவதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

அந்தச் சீமையின் பெருவழிக்குரிய சொல் சத்திரமே அன்று, தாவளம். சான்று கல்லிலேயே உண்டு. அங்குக் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் காதக்கல், அதியமான் பெருவழியில் நாவற்தாவளத்துக்குக் காதம் 29 என்கிறது. எழுத்தோடு குழிகளும் வெட்டியிருக்கிறார்கள்: பெரியவை இரண்டு, சிறியவை ஒன்பது. பெருங்குழி பத்து, சிறுகுழி ஒன்று. எழுத்தறியாத பொதிமாட்டுக்காரனும் இருட்டில் விரலால் தடவித் தொலைவை எண்ணிக்கொள்வான். இந்தக் காதமே சிலம்பின் நாடுகாண் காதையில் காவதம். மதுரைக்கு முப்பது காதம் என்று கோவலன் சொன்னதும் இவ்வளவையால்தான்.

ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவின் மெய்க்கீர்த்திகளும் பதினெண் பட்டினம், முப்பத்திரண்டு வேளாபுரம், அறுபத்துநான்கு கடிகைத்தாவளம் என்று அடுக்குகின்றன. கன்னட நாட்டுக் கல்வெட்டுகளில் அதே இடத்தில் ‘கடிகாஸ்தானம்’ வருவதைக் காட்டி, ஸ்தானமே தாவளமாயிற்று என்பாருண்டு. ஒரு சொல் நின்ற இடத்தில் இன்னொன்று நிற்பது மொழிபெயர்ப்பு, பிறப்பு ஆகாது. ‘ன’ எவ்வாறு ‘வள’ ஆயிற்று என்பதை அவர்கள் சொல்லட்டும்.

தாவுதல் குதித்தலாதலால் மாடுகள் தாவிச் செல்லும் வழி தாவளம் என்பது அதனினும் மெலிது. முதுகில் பொதியேற்றிய மாடு தாவாது.

தாவு என்றால் இடம். கன்னடத்திலும் தெலுங்கிலும் இன்றும் அப்பொருளில் வழங்குகிறது. உப்பளத்தில் உள்ள அளம் நிலப்பரப்பு. பேரளம், கோவளம் என்னும் ஊர்ப்பெயர்களிலும் அதையே காண்கிறேன். தாவு, அளம் இரண்டும் சேர்ந்தால் தாவளம். முற்றியலுகரமும் உயிர்முன் ஒரோவழிக் கெடும் என்று நன்னூலார் இடங்கொடுக்கிறார். வேறென்ன வேண்டும்?

சொல் போன தொலைவையும் பாருங்கள். மலையாளத்தார் விமான நிலையத்தை விமானத்தாவளம் என்கிறார்கள். அட்டப்பாடியில் தாவளம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. இலங்கையில் சிங்களவர் பொதிமாட்டுக் கூட்டத்தைத் ‘தவலம’ என்றனர். காலி மாவட்டத்தில் அதே பெயரில் ஊருண்டு. மாடுகள் தங்கிய இடத்தின் பெயர் மாடுகள்மேலேயே ஏறிவிட்டது. இடத்தின் பெயர் அங்குள்ளார்க்கு ஆவதை இடவாகுபெயர் என்று நம் இலக்கணம் என்றோ வகுத்துவைத்திருக்கிறது.

ஆகவே பழைய தடம் தேடிப் போகிறவர்கள் இடிந்த மண்டபத்தை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டாம். ஊர்ப்பெயரையும், கல்லாங்குத்துக்கும் மாட்டுச்சந்தைக்கும் அவ்வூரார் வழங்கும் பெயரையும் கேட்டெழுதுங்கள். தாவளம் வடக்கிலிருந்து இரவல் வந்த சொல்லன்று. தென்னாட்டு வணிகன் தன் வழிக்குத் தானே இட்ட பெயர். இதில் எனக்கு ஐயமே இல்லை.