சபராளியும் மருத்துவக் காப்பீடும்

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் முதலிய நம் கடலோர ஊர்களில் 'சபர்' என்னும் சொல் பயணத்தை மட்டுமன்றிப் பிழைப்பையும் குறிக்கும். நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற காலத்தில், நோயுற்றவருக்கு உடன் தங்கிய ஊர்க்காரர்களே துணை. அவர்களே கஞ்சி வைத்துக் கொடுத்தனர். செலவையும் பங்கிட்டுக் கொண்டனர்.

வளைகுடாப் பயணம் இந்நிலையை மாற்றிற்று. சவூதி அரேபியா 1999-இல் கூட்டுறவு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் இயற்றியது. அபுதாபி 2005-இலும் துபாய் 2013-இலும் அவ்வழி சென்றன. வேலைக்கு அழைத்து வருபவரே தொழிலாளிக்குக் காப்பீடு எடுக்கவேண்டும் என்பதே இச்சட்டங்களின் சாரம். குடிபெயர்ந்தோர் பெருகப் பெருக, அங்கே தனியார் காப்பீட்டின் தேவையும் பெருகியது.

ஆயினும் அந்த அட்டை ஊரிலுள்ள பெற்றோருக்குப் பயன்படாது. வேலை முடிந்தால் சபராளிக்கும் பயன்படாது. 2003-இல் இந்திய அரசு கொண்டுவந்த பிரவாசி பாரதிய பீமா யோஜனாவும், விபத்தில் ஏற்படும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்குவதையே முதன்மையாகக் கொண்டது.

தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். மாதம் 10,000 ரூபாய்க்குமேல் ஈட்டும் குடும்பம் இவ்வரம்பைக் கடந்துவிடுகிறது. எனவே, சர்க்கரை நோயோடு அறுபது வயதில் ஊர் திரும்புபவர் தனியார் காப்பீட்டை நாடுகிறார். அப்போது தவணைத் தொகை மிகுந்திருக்கும். முன்பே உள்ள நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருக்கவும் நேரலாம்.

மார்க்கத்தின் பார்வையும் நமக்கு முக்கியம். 1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீட்டை விலக்கி, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றது. மலேசியா அதற்கு முந்தைய ஆண்டே தகாஃபுல் சட்டம் இயற்றியிருந்தது. கப்பல் காலத்தில் நம் முன்னோர் செலவைப் பங்கிட்டுக் கொண்டதும் இவ்வுணர்வினால்தான்.

ஆகவே சபரில் இருக்கும்போதே இரண்டு செயல்களைத் தொடங்குவோம். பெற்றோருக்கும் நமக்கும் எவ்வகைக் காப்பீடு ஆகும் என்பதை ஆலிம்களிடம் கேட்டறிந்து, உடல்நலம் உள்ளபோதே முடிவெடுப்போம். ஊர் ஜமாஅத்தின் பைத்துல்மாலில் மருத்துவ உதவிக்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்குவோம். ஊருக்காக உழைத்துத் தேய்ந்தவர், முதுமையில் மருத்துவச் செலவுக்குக் கையேந்தும் நிலை வராமல் வல்ல அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.