ஜப்பானிய வினையும் காலமும்

நிகழ்ந்து முடிந்ததை இறந்தகாலத்தாலும் இனி நிகழ்வதை எதிர்காலத்தாலும் கூறுவதே எல்லா மொழிக்கும் இயல்பு என எண்ணுவோர் பலர். ஜப்பானிய இலக்கண வரலாறு அவ்வெண்ணத்தை ஆராயத் தூண்டுகிறது.

1604 முதல் 1608 வரை நாகசாக்கியில் அச்சான ஜப்பானிய இலக்கணத்தை இயற்றியவர், போர்த்துக்கீசியப் பாதிரியார் ரோட்ரிகஸ். அரிய உழைப்பின் பயனான அந்நூல், ஜப்பானிய வினையை இலத்தீன் வாய்பாட்டுக்குள் அடக்க முயன்றது. 1889இல் வெளிவரத் தொடங்கிய 'கென்காய்' அகராதியின் ஆசிரியர் ஓட்சுக்கி புமிஹிக்கோவும் மேலைநாட்டு முக்காலப் பாகுபாட்டைத் தழுவினார். 1908இல் தம் இலக்கண நூலை வெளியிட்ட யமடா யொஷியோ இதனை மறுத்தார். அத்துணைவினைகள் காலத்தைக் காட்டுவன அல்ல. கூறுவோனின் கருத்து நிலையைக் காட்டுவன என்பது அவர் கொள்கை.

அவர் மறுப்புக்கு இடந்தருவது பழைய மொழி. ஹெயான் காலத்தில் (794–1185) கி, கெரி, த்சு, நு, தரி, ரி என்னும் ஆறு துணைவினைகள் வழங்கின. நினைவுகூர்தல், முற்றுப்பெறுதல், விளைவு நிலைத்தல் என அவற்றின் பொருள் வேறுபட்டது. பின்னர்ப் பேச்சு வழக்கில் ஏனையவை மறைய, 'தரி' மட்டும் 'த' எனக் குறுகி நின்றது. 'தெ' என்னும் எச்ச விகுதியும் 'அரி' என்னும் இருத்தல் வினையும் சேர்ந்ததே 'தரி'. நம் 'வந்திருக்கிறான்' என்பதன் அமைப்பும் இத்தகையதே. ஆகவே 'த' இறப்பை உணர்த்தினும், முடிவுற்றமை என்னும் பழம்பொருளையும் விடவில்லை.

இதனை அறிந்தார்க்கு ஜப்பானியக் காலத் தொடர்கள் எளியன. 'தோக்கி' என்பது 'பொழுது' என்னும் பொருளது. 'கியோத்தோவுக்கு இக்கு தோக்கி குடை வாங்கினான்' என்றால், ஊர் சேருமுன் வாங்கினான். 'இத்தா தோக்கி' என்றால், சேர்ந்தபின் வாங்கினான். இரண்டும் நேற்றைய செய்தியே. 'முன்' என்பதன்முன் வரும் வினை என்றும் முடியாத வடிவையே ஏற்கும். 'பின்' என்பதன்முன் வருவது 'த' வடிவையே ஏற்கும்.

தமிழ் மாணவனுக்கு இது புதிதன்று. 'நாளை அவர் வந்த பின் சொல்வேன்' என்பதில் 'வந்த' நேற்றைக் குறிக்கவில்லை. சொல்லுதலுக்கு முற்பட்ட முடிவையே குறிக்கிறது. எனினும் ஒப்புமை எங்கும் செல்லாது. 'கியோத்தோவுக்கு இத்தா தோக்கி வாங்குவேன்' என்பது ஜப்பானியத்தில் வழு அன்று. தமிழில் 'போனபோது வாங்குவேன்' என்னாது, 'போனதும் வாங்குவேன்' என்போம்.

ஓனோ சுசுமு (1919–2008) இரு மொழிக்கும் உறவு கூறினார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. உறவை நாட்டாமலே ஒப்புமையைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தலாம். ஆங்கில வாய்பாட்டை இடையில் நிறுத்தி ஜப்பானியம் பயிலும் தமிழ் மாணவன், தன் தாய்மொழியில் உள்ள விளக்கத்தை இழக்கிறான். அதனை அவனுக்கு எடுத்துக்காட்டுதல் ஆசிரியர் கடன்.