மஞ்சள் பல்லும் தாயின் மேல் விழும் பழியும்

பிள்ளையின் பல் மஞ்சளாக இருந்தால் முதலில் வரும் கேள்வி, "ஒழுங்கா பல் தேய்க்கிறதில்லையா?" என்பது. அடுத்த கேள்வி தாயை நோக்கி வரும்: "நீ என்னதான் பார்த்துக்கிற?" பள்ளியிலும் விசேஷ வீட்டிலும் இந்தக் கேள்வி காத்திருக்கிறது. தகப்பனிடம் இதை யாரும் கேட்பதில்லை. அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்துவிட்டால், பெண் பார்க்க வருகிற நாள்வரை கேள்வி பின்தொடர்கிறது. வாயைக் கையால் மூடிச் சிரிக்கக் கற்றுக்கொள்கிறாள்.

உண்மையில் பல்லின் இயல்பான நிறம் பால்வெள்ளை அல்ல. வெளியே இருக்கும் எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் மஞ்சள் நிறம் கொண்டது. எனாமல் மெல்லியதாக அமைந்தால் உள்ளிருக்கும் மஞ்சள் கூடுதலாகத் தெரியும். எனாமல் எவ்வளவு தடிமனாக அமையும் என்பதில் பரம்பரைக்கும் பங்குண்டு. பால்பற்கள் வெண்மை கூடியவை. ஆறு, ஏழு வயதில் அவற்றின் நடுவே முளைக்கும் நிலைப்பல் மஞ்சளாகத் தெரிவதும் இயல்புதான். தேய்த்துத் தேய்த்து அதை வெளுக்க முடியாது.

எனாமல் உருவாகும்போதே கெட்டுப்போவது வேறு வகை. பல் முளைக்கும்போதே சுண்ணாம்புத் திட்டாகவும், பிறகு மஞ்சளாகவும் பழுப்பாகவும் தெரியும். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிப் பல் இருந்தால் அதற்குக் காரணம் பாதித் தாய்மார்களின் அலட்சியமாக இருக்க முடியாது. இந்த எளிய உண்மையை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள முப்பது ஆண்டுகள் ஆயின.

1901 இல் பிரெடரிக் மக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு வந்தார். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருந்தது. பன்றி இறைச்சி அதிகம் தின்பதால் என்றார்கள் சிலர். பால் தரமில்லை என்றார்கள் வேறு சிலர். இந்த ஊகங்கள் சமையலறையைத்தான் சுட்டின. பின்னர் மக்கேயும் ஜி. வி. பிளாக்கும் ஆராய்ந்தபோது, அவ்வூரிலேயே பிறந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் கறை இருப்பது தெரிந்தது. நிலைப்பல் முழுதாக உருவான பிறகு அவ்வூருக்குக் குடிவந்தவர்களுக்கு அது வரவில்லை.

1923 இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூருக்கு மக்கே போனார். அவருக்கு வழிகாட்டியவர்கள் அவ்வூர்ப் பெற்றோர்கள்தான். ஐந்து மைல் தள்ளியிருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகே பிள்ளைகளின் பல்லில் கறை வந்தது என்று அவர்கள் சொன்னார்கள். தண்ணீரைச் சோதித்தபோது சந்தேகப்படும்படி எதுவும் சிக்கவில்லை. ஆனாலும் அவர் பேச்சைக் கேட்டு ஊர் அந்தக் குழாயைக் கைவிட்டது. சில ஆண்டுகளில் சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல நிலைப்பற்கள் முளைத்தன. சோதனைச்சாலை கண்டுபிடிக்கும் முன்பே, பிள்ளைகளைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

காரணத்துக்குப் பெயர் கிடைத்தது 1931 இல். அல்கோவா என்ற அலுமினிய நிறுவனம் அர்கன்சாஸ் மாநிலத்தில் நடத்திய சுரங்க ஊர் பாக்சைட். அங்கும் பிள்ளைகளின் பல்லில் கறை. அலுமினியப் பாத்திரம் விஷம் என்ற பேச்சை மறுத்து மறுத்துக் களைத்திருந்த நிறுவனம், இந்தப் பழியும் அலுமினியத்தின் மேல் விழுமோ என்று அஞ்சியது. அதன் தலைமை வேதியியலாளர் எச். வி. சர்ச்சில் ஊர்த் தண்ணீரைச் சோதித்து, அதில் ஃபுளோரைடு மிகுதியாக இருப்பதைக் கண்டார். பரவலாகச் சொல்லப்படும் கதையில் மக்கேயும் சர்ச்சிலும்தான் நாயகர்கள்.

அதே 1931 இல், சர்ச்சிலைச் சாராமல், அரிசோனா பல்கலைக்கழகத்தில் இன்னொரு குழு இதே விடைக்கு வந்திருந்தது. குழுவில் மூவர்: மார்கரெட் கேமக் ஸ்மித், எடித் லான்ட்ஸ், எச். வி. ஸ்மித். முதல் இருவரும் பெண்கள். மார்கரெட் ஊட்டச்சத்து ஆய்வாளர். அந்தக் காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வேதியியல் துறைகள் பெண்களுக்கு எளிதில் இடம் தரவில்லை. அறிவியல் படித்த பெண்கள் பலருக்கு மனையியலும் ஊட்டச்சத்தும்தான் ஒதுக்கப்பட்டன. சமையலறைப் படிப்பு என்று இளக்காரமாகப் பார்க்கப்பட்ட துறையிலிருந்துதான் இந்த ஆய்வு வந்தது.

அவர்கள் செயின்ட் டேவிட் என்ற ஊரை எடுத்துக்கொண்டார்கள். உணவைச் சந்தேகித்தார்கள், தண்ணீரையும் சந்தேகித்தார்கள். அவ்வூர்த் தண்ணீரைச் செறிவாக்கி எலிகளுக்குக் கொடுத்தபோது எலிப்பற்கள் கெட்டன. வேறு எலிகளுக்கு ஃபுளோரைடு மட்டும் கொடுத்தபோதும் அதே கேடு வந்தது. தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறது என்று காட்டியவர் சர்ச்சில். பல்லைக் கெடுப்பது அதுதான் என்று சோதனை செய்து நிறுவியது அரிசோனா குழு. ஆய்வேட்டில் முதல் பெயர் மார்கரெட்டுடையது. இரண்டாம் பெயர் எடித்துடையது. இருந்தும் பொதுவாகச் சொல்லப்படும் வரலாற்றில் இந்த இரு பெயர்களைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவோடு முடியவில்லை இது. 1937 இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், ஃபுளோரைடு மிகுந்த தண்ணீர் பல்லோடு நிற்காமல் எலும்பையும் முதுகையும் முடக்குவதை ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் பதிவு செய்தார்கள். தெலங்கானாவின் நல்கொண்டாவும் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளும் பின்னாளில் இதற்காகவே அறியப்பட்டன. ஃபுளோரைடு கொண்ட பாறைகளின் இடுக்கில் நெடுங்காலம் தேங்கும் நீரில் அது கரைந்து சேர்கிறது. ஆழ்துளைக் கிணறும் அடிபம்பும் அந்த நீரை வாசலுக்குக் கொண்டுவந்தன. தொலைவில் போய்த் தண்ணீர் சுமந்த பெண்களின் இடுப்புக்கு அடிபம்பு பெரிய ஆறுதல். ஆனால் பல இடங்களில் அந்த ஆறுதலோடு ஃபுளோரைடும் வந்தது. தண்ணீர் கொண்டுவருவது பெண் வேலை. எங்கே துளையிடுவது, எதைச் சோதிப்பது என்று முடிவெடுத்த இடத்தில் அவளுக்கு நாற்காலி இல்லை. பிள்ளையின் பல்லுக்குப் பதில் சொல்ல மட்டும் அவளை அழைத்தார்கள்.

காவிரி நீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 இல் அடிக்கல் நாட்டினார்கள். 2013 இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அத்திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் இருக்கிறது. பிழை தண்ணீரில் என்று அரசே எழுதித் தந்த ஒப்புதலாக அதை வாசிக்கலாம்.

மருந்தும் இதே பாடத்தைச் சொன்னது. 1940களின் இறுதியில் டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் வந்தன. கர்ப்பத்தின் பிற்பகுதியிலோ, எட்டு வயதுக்குள்ளோ கொடுத்தால் அவை உருவாகிக்கொண்டிருக்கும் பல்லில் படிந்து மஞ்சளாக்கும் என்பது 1950களின் பிற்பாதியில்தான் வெளிப்பட்டது. சீட்டு எழுதியவர் மருத்துவர். சொன்னபடி விழுங்கியவள் தாய். கறையைப் பார்த்தபோது ஊர் அவளைத்தான் பார்த்தது.

நிலைப்பற்களின் எனாமல் பெரும்பாலும் எட்டு வயதுக்குள் உருவாகிவிடும். அதற்குள் நல்ல தண்ணீர் கிடைத்தால்தான் பல் தப்பும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். உப்பும் எலுமிச்சையும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்தால் இருக்கிற எனாமலும் தேயும். இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை அனுமதி.

ஆகவே கேள்விகளின் வரிசையை மாற்றுவோம். இந்த ஊர் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது, எந்த ஆண்டிலிருந்து? அதைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? முடிவு எங்கே? கர்ப்பத்தில் என்ன மருந்து எழுதினார்கள்? ஊராட்சியையும் குடிநீர் வாரியத்தையும் மருத்துவரையும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இவற்றுக்கெல்லாம் பதில் வந்த பிறகும் மிச்சமிருந்தால், பல் தேய்ப்பதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் தகப்பனையும் சேர்த்தே கேட்க வேண்டும்.