உமியின் வரலாறு: ஸ்டீல் கட் ஓட்ஸும் குண்டூர் நாட்டுச் சாமையும்

நகரத்து அங்காடிகளில் அண்மைக்காலமாக ‘ஸ்டீல் கட் ஓட்ஸ்’ என்றொரு பொருள் கண்ணாடிப் புட்டிகளிலும் தகர டப்பாக்களிலும் விற்பனைக்கு வருகிறது. பெயரின் கம்பீரத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் விஷயம் எளியது. உமி நீக்கிய ஓட்ஸ் மணியை எஃகுக் கத்திகளால் இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டுகிறார்கள், அவ்வளவே. நமக்குப் பழக்கமான தட்டை ஓட்ஸ், நீராவியில் வெந்து உருளைகளுக்கிடையே நசுங்கி வருவது. ஐந்து நிமிடத்தில் குழைந்துவிடும். வெட்டிய மணியோ அடுப்பில் அரைமணி நேரம் காத்திருக்கச் சொல்லும். இதற்குத் தமிழில் புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. நொய் என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. நேற்றுவரை நொய்க்கஞ்சி என்பது வறுமையின் மறுபெயராக இருந்தது என்பதையும், இன்று அயல்நாட்டு நொய் முழு அரிசியைவிடப் பன்மடங்கு விலைக்கு விற்கிறது என்பதையும் ஒருசேர நினைத்துப் பார்ப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

ஓட்ஸுக்கும் இந்த அவமதிப்பு புதிதல்ல. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில், இங்கிலாந்தில் குதிரைக்கும் ஸ்காட்லாந்தில் மனிதருக்கும் தீனியாவது என்ற பொருளில் அதற்கு விளக்கம் எழுதினார். அமெரிக்காவிலும் அது குதிரைத் தீனியாகவே கருதப்பட்டது. 1850களில் ஓகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் ஃபெர்டினாண்ட் ஷூமாக்கர் என்ற ஜெர்மானியக் குடியேறி ஆலை வைத்து ஓட்ஸை மனிதர் உண்ணும் வடிவில் விற்கத் தொடங்கினார். அயர்லாந்தின் மக்கான் நிறுவனத்து ஓட்ஸ் 1876ஆம் ஆண்டு பிலடெல்பியா கண்காட்சியில் பரிசு பெற்றது. ஒரு தானியம் தொழுவத்திலிருந்து உணவு மேசைக்கு ஏறிய கதை இது. ஏற்றிவிட்டது நாக்கின் ருசி மட்டுமல்ல, ஆலையும்தான் என்பது நம் துணிபு. ஏனெனில் ஓட்ஸ் மணி உமியோடு பிறப்பது. அந்த உமி கையால் எளிதில் உரியாது. உரித்தபின்னோ, மணியிலுள்ள எண்ணெய்ப் பசை விரைவில் சிக்குநாற்றம் கொள்ளும். அதைத் தடுக்கச் சூட்டில் பதப்படுத்த வேண்டும். இவ்வளவையும் இயந்திரம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஓட்ஸ் உலகை வலம் வந்தது.

இந்த வாக்கியங்களில் ஓட்ஸ் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சாமை என்று போட்டால் கதையின் முற்பாதி நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு அப்படியே பொருந்தும். பிற்பாதிதான் பொருந்தவில்லை.

கொல்லிமலை என்றதும் இலக்கிய வாசகருக்கு வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் நினைவுக்கு வருவர். அங்கு இன்று வாழும் மக்களின் ஊர் அமைப்பும் அதே அளவு கவனத்திற்குரியது. மலை பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு என்னும் வரிசையில் குண்டூர் நாடும் ஒன்று. இந்நாடுகள் பெயர் மாறாமலே இன்று ஊராட்சிகளாகவும் இருக்கின்றன. இங்குள்ள பழங்குடியினர் தம்மை மலையாளிகள் என்பர்; கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர் மூன்று மலைகளில் குடியேறினர் என்ற இவர்களது வழிவழிக் கதையை 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பும் பதிவு செய்திருக்கிறது. கதையை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், நெல்லை அறியாத மக்கள் என்று இவர்களை எண்ணுவது பிழை என்பதற்கு அது ஒரு குறிப்பு. மலையின் பள்ளங்களில் நெல் விளைந்தது. மேட்டுச் சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. சாமை நெல் கிடைக்காததால் உண்ணப்பட்ட மாற்றுணவு அல்ல. சரிவு நிலம் தரக்கூடியது அது, தந்ததை உண்டார்கள்.

எத்தனை வகைகள்! வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, திருகுலாச்சாமை எனச் சாமையில் மட்டும் இத்தனை; தினையிலும் கேழ்வரகிலும் இவ்வாறே. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற மண் வேறு, விளையும் நாள் வேறு. இப்பெயர்களை உண்டாக்கியவர் எந்த ஆய்வுக்கூடத்தினரும் அல்லர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி உமிக்கு வருவோம். கேழ்வரகைக் கதிரடித்தால் மணி தோலுதிர்ந்து தனியே வந்துவிடும். திருகையில் இட்டு மாவாக்கினால் போதும். சாமை அப்படியல்ல. கடினமான உமி மணியைக் கவ்விக்கொண்டிருக்கும். வெயிலில் காயவைத்து, உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, உரியாததை மீண்டும் உரலில் இட்டு, மீண்டும் குத்திப் புடைக்க வேண்டும். உமி நீங்கிய சாமையைச் சேமித்தும் வைக்க முடியாது. ஓட்ஸைப் போலவே சில வாரங்களில் கெட்டுவிடும். உமியோடு இருந்தால் குதிரிலும் தொம்பையிலும் ஆண்டுக்கணக்கில் புழு பூச்சியின்றி நிற்கும். ஆகவே ஒருமுறை மொத்தமாகக் குத்தி முடித்துவிட்டு ஓய்வதற்கு வழியில்லை. தேவைப்படும்போதெல்லாம் குத்த வேண்டும். குத்தியவர்கள் பெண்கள். காட்டு வேலை முடித்து, விறகும் நீரும் கொண்டுவந்து சேர்த்தபின், இந்த உலக்கையும் அவர்களுக்காகக் காத்திருந்தது. பாரம்பரிய உணவைப் போற்றி எழுதுவோர் இந்த உலக்கையைத் தூக்கியவரைப் பற்றிப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

சாமை மறைந்ததற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் கூறப்படும். ஒன்று மரவள்ளி. இரண்டாம் உலகப்போரின்போது கீழைநாடுகளிலிருந்து வந்த ஜவ்வரிசி தடைப்பட, சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் 1940களில் வேர்விட்டது. மலைச்சாலை சமவெளியை நெருக்கமாக்கியபின், கிழங்கு கொல்லிமலைச் சரிவுகளிலும் ஏறியது. சாமை வயிற்றுக்கு, மரவள்ளி காசுக்கு. பிள்ளையின் படிப்பும் மருத்துவமும் காசைக் கேட்கும் காலத்தில் ஓர் உழவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் வியப்பில்லை. மற்றொன்று நியாயவிலைக்கடை அரிசி: 2006இல் கிலோ இரண்டு ரூபாய், 2008இல் ஒரு ரூபாய், 2011இல் இலவசம்.

இரண்டும் உண்மையே. ஆனால் இவை மட்டும் போதா. அதே கிழங்கையும் அதே அரிசியையும் எதிர்கொண்ட கேழ்வரகு, களியாகவும் கூழாகவும் தமிழகத்து அடுப்புகளில் தாக்குப்பிடித்தது. சாமைதான் அதைவிட வேகமாக அடுப்பைவிட்டு நீங்கியது. இவ்வேறுபாட்டை உமியைக் கொண்டே நாம் விளக்க முடியும். கேழ்வரகை எந்த மாவு ஆலையிலும் கொடுத்து அரைத்து வாங்கலாம். சாமைக்கு ஆலை இல்லை. நெல் உரிக்கும் இயந்திரத்தில் இந்தச் சின்னஞ்சிறு மணி சரிவர உரிபடாது. உரிந்ததும் உரியாததும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் சல்லடையும் உதவாது. குத்தாமல் கிடைக்கும் ஒரு ரூபாய் அரிசிக்கும் மணிக்கணக்கில் குத்தினால் கிடைக்கும் சாமைக்கும் இடையே ஒரு பெண் அரிசியைத் தேர்ந்தெடுத்தால், அதை நாகரிக மோகம் என்று பழிப்பது அநியாயம்.

சென்னையில் 1988இல் தொடங்கப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலைக்கு வந்தது. விதைகளைத் திரட்டுதல், ஊரளவிலான விதை வங்கிகள் ஆகியவற்றோடு நில்லாமல், உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களில் நிறுவி மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்ததுதான் அதன் பணிகளில் முதன்மையானது என்போம். மணியைச் சுழற்றிச் சுவரில் மோதவிட்டு உமியைப் பிளக்கும் எளிய தத்துவம்தான் இவ்வகை இயந்திரங்களில் பயன்படுவது. அதுவரை, தமிழக மலைகளில் விளைந்த சாமையில் கணிசமான பகுதி வணிகர் கைமாறி மகாராஷ்டிரத்து நாசிக் ஆலைகளுக்குப் போய், அங்கே உரிபட்டு, அரிசியாகத் தமிழகத்துக் கடைகளுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. விளைவித்தவர் கைக்கு வந்தது உமியோடு விற்ற விலை மட்டுமே. 2018ஐ இந்திய அரசும் 2023ஐ ஐக்கிய நாடுகள் அவையும் சிறுதானிய ஆண்டுகளாக அறிவித்தன. சந்தை விரிந்தது மெய். ஆயினும் விற்பதற்காகச் சாமை விதைப்பதும் உண்பதற்காக விதைப்பதும் ஒன்றல்ல. முந்தையது பெருகுமளவு பிந்தையது பெருகிவிட்டதாக நாம் கருதவில்லை.

சமையலைப் பற்றியும் சொல்லவேண்டும். வெட்டிய ஓட்ஸ் ஒரு பங்குக்கு நீர் மூன்று அல்லது நான்கு பங்கு. கொதித்தபின் சிறுதீயில் இருபது முதல் முப்பது நிமிடம் விட்டால் உள்ளே கடிபடும் தன்மையோடு வெந்து வரும். முந்தைய இரவே ஊறவைத்தால் நேரம் குறையும். சாமை அரிசி இதைவிடப் பணிவானது. அரைமணி ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு கொதிநீரில் இட்டு, மூடி, சிறுதீயில் கால்மணி. இறக்கியபின் பத்து நிமிடம் மூடியைத் திறக்கலாகாது. திறந்தால் சோறு பிசுபிசுக்கும். அவரை, மொச்சைக் குழம்பு நன்றாகச் சேரும். குத்தும்போது உடைந்த நொய்யைத் தனியே எடுத்து, நீர் கூட்டிக் கஞ்சியாகக் காய்ச்சி உப்பிட்டால், அரைமணி ஓட்ஸில் நாம் தேடுகிற அதே வழுவழுப்பும் அதே கடிபடும் தன்மையும் வந்துவிடும்.

கடையில் வாங்குகையில் நிறத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளைவெளேரென்று இருப்பது ஆலையில் தவிடும் போகத் தீட்டப்பட்டது. நீண்ட நாள் இருக்கும். பழுப்பு கலந்திருப்பது உமி மட்டும் நீங்கியது. அதைச் சிறிதளவாக வாங்கி, காற்றுப்புகாத பாத்திரத்தில் அடைத்து, மூன்று நான்கு வாரத்திற்குள் சமைத்துவிடுவது நலம்.