சாம்பல் வாங்க வந்த கப்பல்

லிவர்பூல் வியாபாரி ஜான் உட்ஹவுஸுக்கு வேண்டியிருந்தது சாம்பல். கடலோரச் செடிகளை எரித்து எடுக்கும் சோடாச் சாம்பலை வைத்துத்தான் அந்தக் காலத்தில் சோப்பும் கண்ணாடியும் பெருமளவில் செய்தார்கள். சிசிலித் தீவின் மாசாரா துறைமுகத்தில் அதை ஏற்றிவர, 1773-ல் 'எலிசபெத்' என்ற கப்பலில் வந்தார். மாசாராவை நெருங்கும் நேரத்தில் புயல் பிடித்துக்கொண்டது. தீவின் மேற்கு முனையில், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத இன்னொரு துறைமுகத்தில் கப்பல் ஒதுங்கியது. காற்று அடங்கும்வரை வேறு வேலை இல்லை. ஊர்க்காரர்கள் குடித்ததையே உட்ஹவுஸும் வாங்கிக் குடித்தார்.

ஒரு வாய் குடித்ததுமே அவருக்குச் சாம்பல் மறந்துபோயிருக்க வேண்டும். அந்த ஊர் வீடுகளில் விசேஷம் என்றால் பெரிய பீப்பாயிலிருந்து கொஞ்சம் ஒயின் இறக்குவார்கள். இறக்கிய அளவுக்குப் புது ஒயினை ஊற்றி நிரப்பிவிடுவார்கள். பீப்பாய் காலியாவதே கிடையாது. உறைமோர் போலத் தலைமுறை தாண்டி வந்த அந்தப் பழசில், லண்டன் கனவான்கள் காசைக் கொட்டிக் குடித்த மதேரா ஒயினின் வாசனை அடித்தது. சரக்கு கிடைத்துவிட்டது. ஆனால் வாரக்கணக்கில் கடலில் ஆடிக்கொண்டு போகும் ஒயின், ஊர் சேரும்போது ஒயினாகவே இருக்குமா?

போர்ச்சுகல்காரர்களின் தந்திரம் உட்ஹவுஸுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு பீப்பாயிலும் கொஞ்சம் பிராந்தியை ஊற்றினார். சாராயம் ஏறினால் ஒயினைக் கெடுக்கும் கிருமிகளுக்கு அங்கே பிழைப்பு இல்லை. புயல் கதை சொல்லச் சொல்ல மெருகேறியிருக்கலாம். பீப்பாய்கள் இங்கிலாந்து போனதும், அங்கே யாரும் முகம் சுளிக்காததும் நிஜம். 1796-ல் உட்ஹவுஸ் அதே ஊருக்குத் திரும்பி வந்து, கடற்கரையில் தொழிற்சாலை போட்டார். இவ்வளவையும் வாங்க ஒரு பெரிய கை வேண்டுமே!

அந்தக் கை ஒற்றைக் கையாக வந்தது. சண்டையில் வலது கையை இழந்திருந்த கடற்படைத் தளபதி நெல்சன், பிரெஞ்சுப் படையிடமிருந்து தப்ப நேப்பிள்ஸ் மன்னருக்கு உதவியவர். அதற்கு நன்றியாக 1799-ல் மன்னர் அவரைச் சிசிலியின் பிரொன்டே ஊருக்குப் பிரபு ஆக்கியிருந்தார். மால்டாவை முற்றுகையிட்டிருந்த பிரிட்டிஷ் கப்பல்களுக்கு ஒயின் தேவைப்பட்டது. 1800 மார்ச்சில் 500 பெரிய பீப்பாய்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. நெல்சன் குடிக்கும் சரக்கு என்ற பெயரைவிடச் சிறந்த விளம்பரம் அன்றைய இங்கிலாந்தில் ஏது? உட்ஹவுஸின் சந்தோஷத்தைக் கெடுக்கப் போட்டிக்காரர்கள் கப்பலேறினார்கள்.

1812-ல் பெஞ்சமின் இங்காம் அங்கே கடை விரித்தார். துணி விற்கச் சிசிலிக்கு வந்த யார்க்‌ஷயர்காரர். ஒயினை அமெரிக்கா வரை அனுப்பினார். 1833-ல் வந்த வின்சென்சோ ஃப்ளோரியோ இத்தாலியர். அந்த இரண்டு ஆங்கிலேயர்களின் மதில்களுக்கு நடுவே இடம் வாங்கித் தன் மதிலை எழுப்பிய துணிச்சல்காரர். வியாபாரம் செழித்த அந்தக் கரைக்கு, 1860 மே 11 அன்று ஒயின் வாங்கும் எண்ணமே இல்லாத இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

அவற்றில் இருந்தது கரிபால்டியும் அவரது ஆயிரம் பேர் படையும். சிதறிக் கிடந்த இத்தாலியை ஒரே நாடாக்கப் புறப்பட்டவர்கள். ஒரு கப்பல் துறைமுக வாசலிலேயே தரைதட்டியது. துரத்தி வந்த நேப்பிள்ஸ் போர்க்கப்பல் பீரங்கியைத் திருப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தங்கள் நாட்டு ஒயின் வியாபாரிகளின் பாதுகாப்புக்காக இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அங்கே நின்றன. கிடங்குகளின் மேல் பிரிட்டிஷ் கொடிகள் பறந்தன. எசகுபிசகாகக் குண்டு விழுந்தால் லண்டனோடு வம்பு. நேப்பிள்ஸ் கேப்டன் தயங்கினார். அந்தத் தயக்கத்துக்குள் படை கரையேறிவிட்டது. மார்சலா என்ற ஊர்ப்பெயர் இத்தாலிய வரலாற்றில் ஏறியது அன்றைக்குத்தான். ஒயினோடு ஒட்டிக்கொண்டது எப்போதோ.

இன்று இத்தாலியச் சமையலறைகளில் கோழிக் குழம்பிலும், முட்டை மஞ்சள்கருவையும் சர்க்கரையையும் அடித்துச் செய்யும் ஸபயோனேயிலும் ஊற்றுகிற அதே பழுப்பு நிற மார்சலா. இந்தச் சமையலறைப் புகழே அதற்கு வினையானது. முட்டையும் காப்பியும் கலந்த சரக்கையெல்லாம் மார்சலா என்றே புட்டியில் அடைத்து விற்றார்கள். குடிக்கத் தெரிந்தவர்கள் விலகிப்போனார்கள். 1984-ல் வந்த சட்டம் அந்தக் கூத்தை நிறுத்தியது.

அதற்குச் சற்று முன்பே, மார்கோ டி பார்டோலி என்ற கார் பந்தயக்காரர் தாய்வழிக் குடும்பத்தின் சம்பேரி தோட்டத்தில் குடியேறி, பிராந்திக்கு முந்தைய வீட்டுப் பழக்கத்தைத் தூசி தட்டி எடுத்திருந்தார். பழையதில் புதியதை ஊற்றி நிரப்பும் அதே பீப்பாய். சாராயம் ஒரு சொட்டும் இல்லை. ருசித்தவர்கள் கொண்டாடினார்கள். விதிகள் கொண்டாடவில்லை. பிராந்தி சேராததால் அதை மார்சலா என்று விற்க முடியாது. 'வெக்கியோ சம்பேரி' என்று தோட்டத்தின் பெயரிலேயே அது கடைக்குப் போனது.