404: பிழை யாருடையது?

வினாத்தாள் தேடிய பிள்ளைகள் சிலர், "சேர், 404 என்று வருது, நாங்க என்ன பிழை செஞ்சோம்?" என்று நம்மிடம் கேட்டார்கள்.

1990இல் ஜெனீவா அருகேயுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ முதல் வலைச் சேவையகத்தை ஒரு நெக்ஸ்ட் கணினியில் இயக்கினார். யாரும் தெரியாமல் அணைத்துவிடாதிருக்க, 'இது சேவையகம், நிறுத்த வேண்டாம்' என்று சிவப்பு மையில் எழுதி அதில் ஒட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் முகவரியிலுள்ள பாதை பெரும்பாலும் கணினிக்குள் இருக்கும் கோப்புறைப் பாதைதான். கேட்ட கோப்பை எடுத்து அப்படியே அனுப்பும். கோப்பை நகர்த்தினால் முகவரியும் செத்துவிடும்.

1993இல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ நிலையத்தில் சீஜிஐ முறை வந்தது. முகவரிக்குப் பின்னால் கோப்புக்குப் பதில் ஒரு நிரலும் நிற்கலாம் என்றானது. எந்தக் கோரிக்கை எங்கே போகவேண்டும் என்பதைச் சேவையகத்துக்குத் தனியாகச் சொல்லிவைக்கும் பழக்கமும் வளர்ந்தது. ஆகவே கோப்பு எங்கே போனாலும் பழைய முகவரியைக் காப்பாற்றலாம். முகவரிகளை மாற்றாதீர்கள் என்று பெர்னர்ஸ் லீயே 1998இல் எழுதினார்.

404 சேர்னில் ஓர் அறை இலக்கம் என்பது வெறும் கட்டுக்கதை. 4இல் தொடங்கும் இலக்கங்கள் கேட்டவர் பக்கப் பிழையைக் குறிப்பவை. கோப்பை நகர்த்தியவர் யாரோ, பழி கேட்டவர் தலையில்!

பிள்ளைகளே, நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. நம்மிடமுள்ள பிரதிகளை இன்றிரவு குழுவில் போடுகிறோம்.