ஒரே கார், பல கடப்பிதழ்கள்

கோலாலம்பூரில் ஜாலான் அம்பாங்கின் மாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் விலையுயர்ந்த ஜெர்மன் மின்கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எதிரே வருபவர் இருக்கும் இடத்தை மட்டும் இருட்டாக விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் முழு வெளிச்சம் பாய்ச்ச அதன் முகப்பு விளக்குக்குத் தெரியும். அதே காரை லாஸ் ஏஞ்சலிஸில் வாங்கியவருக்குப் பல வருடம் அந்த வித்தை கிடைக்கவில்லை. பெர்லினில் வாங்கியவர், பின்சக்கரம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திரும்புவதற்குச் சந்தா கட்டினார். டோக்கியோவில் வாங்கியவருக்குச் சார்ஜ் செய்யும் வாயே வேறு. பெயரும் சின்னமும் ஒன்றுதான், உள்ளே இருக்கும் கார் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பணக்காரர்களின் ரசனைதான் இப்படிப் பிரிக்கிறது என்று தோன்றும். ரசனைக்கு இதில் பங்கு சொற்பம். பழைய சட்டங்கள், சுங்க வரிகள், வீட்டு ஒயரிங், எப்போதோ நடந்த வியாபாரப் பங்கீடு ஆகியவைதான் காரை வடிவமைத்திருக்கின்றன.

சொகுசு காரின் மலாயாக் கதையை அம்பாங்கிலிருந்தே தொடங்கலாம். 1857இல் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்களை அம்பாங்குக்கு அனுப்பினார். அவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலுக்குப் பலியானார்கள். ஆனால் ஈயம் கிடைத்தது, கோலாலம்பூர் பிறந்தது, ஈயத்தில் சம்பாதித்த தவுக்கேக்கள் எனும் சீன முதலாளிகள் ஜாலான் அம்பாங்கில் மாளிகைகளை எழுப்பினார்கள். 1929இல் கட்டி முடிக்கப்பட்ட போக் ஹவுஸ் அவற்றுள் ஒன்று. அதன் சொந்தக்காரர் சுவா செங் போக் செல்வம் சேர்த்தது சக்கரத்தில். 1899இல் அவரும் சகோதரர்களும் கோலாலம்பூரில் ஒரு கடை திறந்தார்கள். சில்லறைச் சாமான்களில் தொடங்கி சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார் என்று வளர்ந்த அந்தக் கடைதான் ‘சைக்கிள் அண்ட் கேரியேஜ்’. 1951இல் மெர்சிடிஸ் பென்ஸை விற்கும் உரிமை அந்த நிறுவனத்துக்கு வந்தது. போக் ஹவுஸை 2006 டிசம்பரில் இடித்துவிட்டார்கள். ஈயக்காரர்களின் தெருவில் கார்க்காரரின் வீட்டையாவது விட்டுவைத்திருக்கலாம்.

சுவா சகோதரர்கள் கடை திறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1896இல், ஒரு பென்ஸ் கார் சிங்கப்பூரில் வந்து இறங்கிவிட்டது. அதன் உறுமலைக் கேட்ட ஊர்க்காரர்கள் அதற்குக் ‘காப்பி மெஷின்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஆனால் நம் கதையின் அடுத்த அத்தியாயத்தை எழுதியது ஜெர்மனி அல்ல, கனடா.

ஹென்றி ஃபோர்டு தன் உலகைப் பங்கு பிரித்தபோது, பிரிட்டன் நீங்கலான பிரிட்டிஷ் பேரரசு கனடா கிளைக்குப் போனது. கனடாவும் பேரரசுக்குள் இருந்ததால் அங்கே செய்த காருக்குக் காலனிகளில் வரிச்சலுகை உண்டு. எனவே 1926இல் ஃபோர்டு மலாயாவைத் தொடங்கியது டெட்ராய்ட் அல்ல, ஃபோர்டு கனடா. தன் ஊரில் சாலையின் வலதுபுறம் ஓட்டும் கனடியர்கள், இடதுபுறம் ஓட்டும் நமக்காக ஸ்டீயரிங்கை வலப்பக்கம் வைத்து, காரைப் பாகம் பாகமாகப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். ‘ஏற்றுமதி ரகம்’ என்ற யோசனை இந்த வட்டாரத்தில் வேர்விட்டது இப்படித்தான். அந்தப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டுவதற்காக 1941 அக்டோபரில் சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் ஓர் ஆலை திறந்தார்கள். நான்கே மாதத்தில், 1942 பிப்ரவரி 15 அன்று, பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்தது அதே ஆலையில். ஆக்கிரமிப்புக் காலத்தில் நிஸ்ஸான் அங்கே வண்டிகளைப் பூட்டியது.

இதற்கிடையே அமெரிக்கா விளக்கு விஷயத்தில் ஒரு முடிவெடுத்திருந்தது. அதன் வால் 2022 வரை நீண்டது. 1930களின் கார் விளக்குகளுக்குள் ஈரம் புகும், உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான் கறுத்துப்போகும். ஒரு கம்பெனியின் விளக்கு இன்னொன்றின் காருக்குப் பொருந்தாது. ஆகவே 1940ஆம் ஆண்டின் கார்கள் முதல் எல்லாவற்றிலும் ஒரே அளவில், ஏழு அங்குல வட்டத்தில், கண்ணாடியும் இழையும் சேர்ந்து மூடி முத்திரையிட்ட விளக்குதான் என்று வகுத்தார்கள். கெட்டுப்போனால் எந்த எண்ணெய்க் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். அன்றைக்கு அது மிக நல்ல யோசனை. நல்ல யோசனை சட்டமானால் அதை அசைப்பது கடினம். 1967இல் பிரான்சின் சித்ரோயன் டிஎஸ், வளைவில் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பும் விளக்குகளைக் கண்ணாடி மூடிக்குள் வைத்து அசத்தியபோது, அமெரிக்காவுக்குப் போன டிஎஸ்ஸில் மூடியும் இல்லை, திரும்புதலும் இல்லை. முத்திரையிட்ட விளக்கு அல்லாத ஒன்றை ஓர் அமெரிக்கக் கார் அணிய 1984 ரக லிங்கன் மார்க் 7 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஐரோப்பா வேறு வழியில் போனது. எல்லை தாண்டும் ஒவ்வொரு காரையும் ஒவ்வொரு நாடும் சோதித்துக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகுமா? 1958 மார்ச்சில் ஜெனீவாவில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. ஒரு நாடு சோதித்து ஒப்புக்கொண்ட பாகத்தை, அதே விதியை ஏற்ற மற்ற நாடுகளும் ஒப்புக்கொள்ளும். உங்கள் காரின் முகப்பு விளக்கை உற்றுப் பாருங்கள். வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். 1 என்றால் ஜெர்மனி ஒப்புதல் தந்தது, 2 பிரான்ஸ், 3 இத்தாலி. ஜப்பானின் எண் 43. மலேசியா 2006இல் இந்த உடன்பாட்டில் சேர்ந்து 52ஆம் எண்ணைப் பெற்றது. அமெரிக்கா சேரவே இல்லை.

இந்தப் பிரிவின் விளைவு விளக்கிலேயே பளிச்சென்று தெரிந்தது. 2013இல் ஆடி ஏ8 ஐரோப்பாவில் ‘மேட்ரிக்ஸ்’ விளக்குடன் வந்தது. ஒவ்வொரு விளக்கிலும் தனித்தனியே அணைந்து எரியும் 25 எல்இடிகள். எதிரே வண்டி வந்தால் அந்தத் திசைக்குரியவை மட்டும் அணையும். அமெரிக்கச் சட்டத்தில் இருந்தவை இரண்டே: உயர் ஒளி, தாழ் ஒளி. இடைப்பட்ட ஒன்றைச் சட்டம் கற்பனைகூடச் செய்யவில்லை. ஆகவே அங்கே போன சில கார்களில் விளக்கு இருந்தும் அதன் அறிவு முடக்கப்பட்டிருந்தது. பிறகு மெர்சிடிஸ் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு விளக்கிலும் 13 லட்சம் நுண்கண்ணாடிகள் கொண்ட சில்லை வைத்தது. திரையரங்கின் டிஜிட்டல் புரொஜெக்டரில் இருக்கும் அதே தொழில்நுட்பம். அதைக் கண்டுபிடித்தது யார்? டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸ், 1987இல். பிறந்த மண்ணின் சாலைகளில் முழு வித்தையையும் காட்ட முடியாத அமெரிக்கக் கண்டுபிடிப்பு! எதிர்வண்டியைத் தவிர்க்கும் விளக்குகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் அங்கே அனுமதி வந்தது.

மலேசியச் சாலைகளுக்குச் சொகுசு வந்தது இரண்டு வாசல்கள் வழியாக. ஒன்று முன்வாசல்: 1967இல் ஷா ஆலாமின் பத்து தீகாவில் வால்வோவைப் பூட்டத் தொடங்கினார்கள். உதிரியாக வந்து இங்கே பூட்டப்படும் ‘சிகேடி’ காருக்கு வரி குறைவு என்பதால், என்னென்ன வசதி சேர்ப்பது என்ற கணக்கும் இங்கேயே நடந்தது. 2022இல் அதே ஷா ஆலாமில் வால்வோ எக்ஸ்சி40 மின்காரும், மறு ஆண்டு பகாங்கின் பெக்கானில் மெர்சிடிஸ் ஈகியூஎஸ்ஸும் பூட்டப்பட்டன.

மற்றது பக்கவாசல். அதுதான் எனக்குப் பிடித்தது. ஜப்பானில் புதுக்கார் மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் செலவு பிடிக்கும் சோதனைக்குப் போக வேண்டும். பலர் அதற்குள் விற்றுவிடுவார்கள். ஜப்பானிலும் ஸ்டீயரிங் வலப்பக்கம். ஏபி எனும் இறக்குமதி அனுமதி வைத்திருந்தவர்களுக்கு இது போதும். அல்பார்டு, வெல்ஃபயர் எனும் சொகுசு வேன்கள் கப்பல் ஏறின. கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய இறக்குமதிக் கார் விற்கும் ‘ரீகோண்ட்’ கடைகளில் வரிசைகட்டி நின்றன. தோல் இருக்கை, தானாக மூடும் கதவு எல்லாம் உண்டு. ஆனால் வானொலியைத் திருப்பினால் மின்னல் எஃப்எம் வராது! ஜப்பானின் பண்பலை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90இல் முடிந்துவிடும். அதற்கு மேல் அந்த நாட்டின் பழைய தொலைக்காட்சி அலைவரிசைகள் உட்கார்ந்திருந்தன. அவை ஓய்ந்த பிறகு 95 வரை நீட்டினார்கள். நம் மின்னலோ 96.3இல், ராகா 99.3இல். மயிரிழையில் கைநழுவிய அதிர்ஷ்டம். அலைவரிசையை மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றைப் பொருத்தித்தான் கடைக்காரர்கள் வண்டியைக் கைமாற்றினார்கள். அப்படியும், சாவியைத் திருப்பும்போதெல்லாம் டோல் அட்டையைச் செருகவில்லை என்று ஜப்பானிய மொழியில் ஒரு பெண்குரல் நினைவூட்டும். அம்பாங்கிலிருந்து ஏக்லே மேம்பாலத்தில் ஏறும் தவுக்கேக்கு அவள் சொல்வது கடைசிவரை விளங்காது.

மின்கார் வந்ததும் இந்தப் பக்கவாசலில் புதுச்சிக்கல் முளைத்தது. ஜப்பானுக்கென்று செய்த போர்ஷே டைகானின் விரைவு மின்னேற்ற வாய் அங்குள்ள சாடெமோ முறைக்கானது. இங்கே பரவியிருப்பது சிசிஎஸ்2. இங்கிலாந்திலிருந்து வரும் டைகானுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏன் இத்தனை வாய்கள்? ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வீடுகளுக்கு வருவது ஒருமுனை மின்சாரம். எனவே அங்கே வீட்டு மின்னேற்றத்துக்கு யசாகி நிறுவனத்தின் ஐந்து ஊசிப் பிளக் போதுமாக இருந்தது. ஜெர்மன் வீடுகளில் மும்முனை மின்சாரம் சர்வ சாதாரணம். அதற்கேற்ப மென்னகெஸ் எனும் ஜெர்மன் குடும்ப நிறுவனம் ஏழு ஊசிப் பிளக்கைக் கொண்டுவந்தது. பிரான்சும் இத்தாலியும் விரல் நுழையாதபடி தடுப்பு மூடி கொண்ட தங்கள் பிளக்கை முன்னிறுத்தின. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் மென்னகெஸ் பக்கம் சாய, பிரெஞ்சுப் பிளக் மெல்ல மறைந்தது. மலேசியா எடுத்துக்கொண்டதும் ஜெர்மன் வழிதான். விளைவு வேடிக்கையானது. மும்முனைக்காக வடிவமைத்த பிளக் ஒரு தாமான் இணைவீட்டின் ஒருமுனை இணைப்பில் மாட்டப்படுகிறது, 7.4 கிலோவாட்டோடு திருப்தி அடைகிறது. அம்பாங் மேட்டுப் பங்களாக்காரர் மும்முனை வைத்திருந்தால் 11 கிலோவாட்.

இதுவரை வேறுபாடுகள் இரும்பிலும் கண்ணாடியிலும் இருந்தன. 2021க்குப் பிறகு அவை மென்பொருளுக்கு இடம்பெயர்ந்தன. ஈகியூஎஸ்ஸின் பின்சக்கரங்கள் ஜெர்மனியில் அப்போது 4.5 டிகிரி திரும்பின. 10 டிகிரி வேண்டுமென்றால் ஆண்டுக்கு 489 யூரோ கேட்டார்கள். அமெரிக்காவில் 10 டிகிரியும் காரோடு சேர்ந்தே வந்தது. அமெரிக்கர்களிடம் வேறு விதத்தில் வசூலித்தார்கள்: இன்னும் வேகமாகச் சீறிப்பாய ஆண்டுக்கு 1,200 டாலர். 2022இல் பிஎம்டபிள்யூ தென்கொரியாவில், இருக்கைக்குள் ஏற்கெனவே இருக்கும் சூட்டுக்கம்பியை இயக்க மாதச் சந்தா கேட்டு, உலகம் முழுதும் வாங்கிக் கட்டிக்கொண்டது. மறு ஆண்டே அந்த யோசனையைக் கைவிட்டது.

சூடான இருக்கை என்றதும் அம்பாங்குக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 2022 முதல் மலேசியா முழுதாக இறக்குமதியாகும் மின்கார்களுக்கு இறக்குமதி வரியையும் கலால் வரியையும் 2025 இறுதிவரை நீக்கியது. கூடவே, உள்ளூர்த் தயாரிப்பாளர்களைக் காக்க, 100,000 வெள்ளிக்குக் கீழே அவற்றை விற்கக் கூடாது என்றும் சொன்னது. 2023 ஜூலையில் டெஸ்லா மாடல் ஒய் 199,000 வெள்ளியில் இறங்கியது. ஷாங்காய் ஆலை பல நாடுகளுக்கும் சேர்த்தே செய்வதால், கொரியர் மாதாமாதம் காசு கொடுத்து வாங்கவிருந்த இருக்கைச் சூடு நமக்கு இலவசமாகவே வந்தது. நமக்குத் தேவை அதற்கு நேர் எதிர். கண்ணாடிக் கூரைக்கு வெயில்தடுப்பு ஒட்ட வேண்டும். முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும், முன்பக்கச் சன்னல்கள் 50 விழுக்காடு, பின்னால் உங்கள் இஷ்டம் என்பது 2019 முதல் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் விதி. அந்தத் தாளில் உலோகம் கலந்திருந்தால் டோலில் ஆர்எஃப்ஐடி வில்லை சரியாகப் பேசாது. வில்லையை முகப்பு விளக்கில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். பதின்மூன்று லட்சம் கண்ணாடி கொண்ட விளக்காக இருந்தாலும்.

டெஸ்லாவின் உச்ச ரகமான மாடல் எஸ்ஸோ வரவில்லை. புது வடிவத்தில் வலப்பக்க ஸ்டீயரிங் செய்யப்போவதில்லை என்று 2023இல் அறிவித்துவிட்டார்கள். இடப்பக்க ஸ்டீயரிங்கோடு வாங்கத் துணிந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு, வாகன நிறுத்தத்தில் சீட்டை எட்டிப் பிடிக்க ஒரு நீள இடுக்கியைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கனடாக்காரன் 1926இல் நமக்காகச் சுமந்த சிரமத்தைக் கலிபோர்னியாக்காரன் சுமக்க மறுத்துவிட்டான்.

சீனர்களுக்கென்று டெஸ்லா கரவோக்கே மைக் விற்றது. 2022 சீனப் புத்தாண்டை ஒட்டி வந்த அந்த மைக், செராஸ் முதல் கிள்ளான் வரை கரவோக்கே பிரியர்கள் நிறைந்த நம் ஊருக்கு அப்போது வரவில்லை. ஆனால் சீனாவிலிருந்து வேறொன்று வரக்கூடும். கதவோடு கதவாக மறைந்திருக்கும் கைப்பிடியை டெஸ்லா 2012இல் பிரபலமாக்கியது. சீன நிறுவனங்கள் அதை ஒன்றைப் பார்த்து ஒன்றாக நகலெடுத்தன. விபத்தில் மின்சாரம் போனால் வெளியே இருப்பவர் திறக்க முடியவில்லை என்ற புகார்கள் சேர்ந்தன. 2027 ஜனவரி முதல் அங்கே விற்கும் புது ரகக் கார்களின் கதவுகளை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கையால், இயந்திர முறையில் திறக்க முடிய வேண்டும் என்று சீனா விதித்திருக்கிறது. அந்த விதி மலேசியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரே ஆலையில் இரண்டு விதக் கதவு செய்வது எந்த முதலாளிக்கும் கட்டுப்படியாகாது என்பது என் கணக்கு. அடுத்த சில ஆண்டுகளில் அம்பாங்கில் இறங்கும் மின்கார்களில், பழையபடி விரலைக் கோத்து இழுக்கும் கைப்பிடி இருந்தால், அதைப் பெய்ஜிங்கின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.